அட்வான்ஸ்டு அமுக்கி உள்ள போறதுக்குப் பேர் டெஸ்டிங் இல்ல

சொந்த மெஷின்ல எச்டிடிபிஎஸ் வெச்சு ஆப்பை ஓட்டப் போய் நான் பட்ட பாடு இது. என் மெஷின்ல நான் எழுதின வெப் ஆப்போட லாகின் ஜம்முனு வேலை செஞ்சுச்சு. ஸ்டேஜிங்ல, அதாவது வெளிய விடறதுக்கு முன்னாடி சோதிக்கிற சர்வர்ல, ஏத்தினதும் யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு எண்டர் தட்டினா மறுபடியும் அதே லாகின் பக்கம். பாஸ்வேர்டு தப்புன்னு கூட ஒரு வார்த்தை சொல்லல. சர்வர் லாக்ல எரர் இல்ல, கன்சோல்ல எரர் இல்ல, நெட்வொர்க் டேப்ல பார்த்தா லாகின் ரிக்வெஸ்டுக்கு 302, அதாவது வேற பக்கத்துக்குப் போன்னு சொல்ற பதில், வருது, டேஷ்போர்டுக்குப் போகுது, அங்க இன்னொரு 302 வாங்கிக்கிட்டு திரும்ப லாகினுக்கே வந்து நிக்குது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு.

அரை நாள் போச்சு. பாஸ்வேர்டு ஹேஷ் பண்ற இடத்தைப் பார்த்தேன், டேட்டாபேஸ் கனெக்‌ஷனைப் பார்த்தேன், செஷன் ஸ்டோர்ல வரிசை விழுதான்னு பார்த்தேன், விழுது. கடைசில லாகின் ரெஸ்பான்ஸோட ஹெட்டரை ஒண்ணு ஒண்ணா படிச்சப்போதான் தெரிஞ்சுது, லாகின் ஆனவர் யாருன்னு ஞாபகம் வெச்சுக்க பிரவுசருக்குக் குக்கி குடுக்கிற செட் குக்கி ஹெட்டரே அதுல இல்ல. சர்வர் குக்கியே குடுக்கல, அப்புறம் பிரவுசர் எதைத் திருப்பி அனுப்பும்?

காரணம் இதுதான். எக்ஸ்பிரஸ் செஷன்ல, அதாவது என் நோட் ஆப்புல லாகின் செஷனைப் பார்த்துக்கிற லைப்ரரில, குக்கிக்கு செக்யூர்னு கொடி போட்டா, வந்த கனெக்‌ஷன் எச்டிடிபிஎஸ் தானான்னு அது பார்க்கும். இல்லன்னா குக்கியை அனுப்பாது, சத்தமும் போடாது, டீபக் மோட்ல ஓட்டினாதான் ஒரு சின்ன வரி முணுமுணுக்கும். ஸ்டேஜிங்ல என்ஜின்எக்ஸ்ங்கிற ப்ராக்ஸி சர்வர் முன்னாடி நின்னு டிஎல்எஸ்ஸை, அதாவது எச்டிடிபிஎஸ்ஸோட பூட்டை, அவிழ்த்துட்டு உள்ள இருக்கிற நோட் ஆப்புக்கு சாதா எச்டிடிபியா அனுப்புது. ஆப்போட கண்ணுக்கு எல்லாமே பாதுகாப்பில்லாத கனெக்‌ஷன். அப்போ என் மெஷின்ல மட்டும் எப்படி ஓடுச்சு? நான் எழுதி வெச்சிருந்த ஒரே ஒரு வரிதான் காரணம்: டெவலப்மெண்ட்னா செக்யூர் ஃபால்ஸ், புரொடக்‌ஷன்னா ட்ரூ. அந்த ஒரு வரி இருக்கிறவரைக்கும் லோக்கல்ல நான் ஓட்டினது வேற ஆப், வெளிய ஓடினது வேற ஆப்.

அன்னிக்கு முடிவு பண்ணேன், லோக்கல்லயும் எச்டிடிபிஎஸ்தான்னு. முடிவு பண்றது சுலபம். அதுக்கப்புறம் நடந்த கூத்தைத்தான் எழுத வந்தேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எல்லாருக்கும் இது வேணும்னு நான் சொல்ல மாட்டேன். லோக்கல்ஹோஸ்டை, அதாவது மெஷின் தன்னையே கூப்பிட்டுக்கிற பேரை, பிரவுசர்களே நம்பகமான இடமாத்தான் வெச்சிருக்கு. சாதா எச்டிடிபில லோக்கல்ஹோஸ்ட் 3000-ன்னு ஓட்டினாலும் பின்னணில ஓடுற சர்வீஸ் வொர்க்கர் ஸ்கிரிப்ட் பதிவாகும், கேமரா மைக் கேட்கலாம், லொக்கேஷன் கேட்கலாம். அதனால நிறைய பேருக்கு பிரச்சனையே வராது. வர்ற இடம் எதுன்னா, லோக்கல்ஹோஸ்ட்ங்கிற பேரை விட்டு நீங்க வெளிய காலை வெச்ச நிமிஷம். ரெண்டு மூணு சப்டொமைன் வெச்சு ஆப்பு கட்டறீங்க, ஃபோன்ல திறந்து பார்க்கணும், இல்ல இன்னொரு தளத்துக்குள்ள ஐஃபிரேமா போய் உட்கார்ற விட்ஜெட் செய்யறீங்க, அதுக்கு குக்கில சேம்சைட் நன், அதாவது இன்னொரு தளத்துக்குள்ள இருந்தும் அனுப்பலாம்னு, போடணும், நன் போட்டா செக்யூரும் கூட இருந்தாகணும். குக்கி விஷயத்துல பிரவுசர்களுக்குள்ளயே ஒத்துப்போகாது வேற. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எச்டிடிபி லோக்கல்ஹோஸ்ட்ல செக்யூர் குக்கியை வாங்கிக்கும், சஃபாரி வாங்காது. அதே கோடு, அதே மெஷின், சஃபாரில மட்டும் லாகின் ஆகாது.

இன்னொரு காரணமும் இருக்கு, பலபேர் கவனிக்கறதில்ல. பிரவுசர்கள் எச்டிடிபி 2-ஐ டிஎல்எஸ் மேலதான் பேசும். சாதா எச்டிடிபில நீங்க 1.1-லதான் இருக்கீங்க, ஒரு ஹோஸ்டுக்கு ஆறு கனெக்‌ஷன்தான் திறக்கும். நான் சர்வர் சென்ட் ஈவண்ட்ஸ், அதாவது டேப்புக்கு ஒரு கனெக்‌ஷனைத் திறந்தே வெச்சு சர்வர் செய்தி அனுப்புற முறை, வெச்சு ஒரு நோட்டிஃபிகேஷன் பண்ணிட்டு இருந்தேன், ஏழாவது டேப் திறந்ததும் பக்கம் அப்படியே சுத்திக்கிட்டு நிக்குது, நானும் சர்வர்தான் செத்துப்போச்சுன்னு நினைச்சு அதைப் போட்டு நோண்டிக்கிட்டு இருந்தேன்.

சரி, கதைக்கு வரேன். முதல் முயற்சி எல்லாரும் பண்றதுதான், ஓப்பன்எஸ்எஸ்எல் டூலை எடுத்து ஒரு செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட், அதாவது இந்தத் தளம் இதுதான்னு நானே கையெழுத்துப் போட்ட சான்று, போட்டேன். எப்பவோ குறிச்சு வெச்சிருந்த கமாண்டு, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் எண்டர் தட்டிட்டு காமன் நேம் கேட்கும்போது மட்டும் லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சேன். குரோம் திறந்தா முழு ஸ்கிரீன் எச்சரிக்கை. காமன் நேம் தப்புன்னு எரர். லோக்கல்ஹோஸ்ட்னுதானே அடிச்சேன், எழுத்துப்பிழையும் இல்லையே! விஷயம் என்னன்னா 2017-ல வந்த குரோம் 58-ல இருந்து காமன் நேமை அது பார்க்கிறதையே விட்டுடுச்சு. சப்ஜெக்ட் ஆல்டர்நேடிவ் நேம்னு ஒரு பட்டியல் சர்டிஃபிகேட்டுக்குள்ள இருக்கும், எல்லாரும் சான்னு சொல்வாங்க, அதுல பேர் இருந்தாதான் பேர். என் குறிப்பு அதுக்கும் முந்தின காலத்துது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இல்ல அதுக்கு மேல இருந்தா கமாண்டுலயே ஆட்எக்ஸ்ட்னு ஒரு ஆப்ஷன் குடுத்து சானை சேர்த்துடலாம், தனி கான்ஃபிக் ஃபைல் தேவையில்ல.

சானைச் சேர்த்தேன். இப்போ வேற எரர், கையெழுத்துப் போட்டது யாருன்னே தெரியலன்னு. அது நியாயம்தான், போட்டது நான். அட்வான்ஸ்டு, ப்ரொசீட்னு அமுக்கி உள்ள போயாச்சு. சில சமயம் அந்த ப்ரொசீட் பட்டனே வராது, அப்போ குரோம்ல அந்த எச்சரிக்கைப் பக்கத்துல ஒரு கிளிக் பண்ணிட்டு கீபோர்டுல திஸ்ஈஸ்அன்சேஃப்னு இடைவெளி விடாம இங்கிலீஷ்ல அடிச்சா கதவு திறக்கும். பெட்டி எதுவும் கிடையாது, வெறும் பக்கத்துல அடிக்கணும், அலிபாபா குகை மாதிரி. இது தெரிஞ்சதுல இருந்து ரொம்ப நாள் இப்படியே ஓட்டினேன், தினமும் காலைல சர்வரைக் கிளப்பறது, மந்திரத்தை அடிக்கிறது, வேலையை ஆரம்பிக்கிறது.

ஆனா இப்படி எச்சரிக்கையைத் தாண்டிக் குதிச்சு உள்ள போன பக்கம், நிஜமான எச்டிடிபிஎஸ் பக்கம் மாதிரி நடந்துக்காது. இதை உணர எனக்கு மூணு அடி தேவைப்பட்டுச்சு.

முதல் அடி சர்வீஸ் வொர்க்கர். சாதா எச்டிடிபி லோக்கல்ஹோஸ்ட்ல பதிவானது எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினதும் பதிவாகல. ஸ்கிரிப்டை எடுக்கும்போது சர்டிஃபிகேட் எரர்னு சொல்லி குரோம் கையை விரிச்சுடும், நான் ப்ரொசீட் அமுக்கினதெல்லாம் அதுக்குக் கணக்குல இல்ல.

ரெண்டாவது அடிதான் பெருசு. ஃபிரண்ட்எண்டை ஆப்.டெஸ்ட்னு ஒரு பேர்லயும் ஏபிஐயை ஏபிஐ.ஆப்.டெஸ்ட்னு இன்னொரு பேர்லயும் பேரை ஐபியோட கோர்க்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல போட்டு வெச்சிருந்தேன். ஃபிரண்ட்எண்டுக்கு எச்சரிக்கை வந்துச்சு, தாண்டிட்டேன். ஏபிஐக்கு ஸ்கிரிப்ட்ல இருந்து ஃபெட்ச் போகும்போது எச்சரிக்கைப் பக்கம் எங்க வரும்? அது முழுப் பக்கமா திறந்தாதான் வரும், பின்னாடி நடக்கிற ரிக்வெஸ்டுக்கு வராது, ஃபெயில்டு டு ஃபெட்ச்னு சொல்லிட்டு முடிச்சுக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல இதையே பார்த்தா கிராஸ் ஆரிஜின் ரிக்வெஸ்ட் தடுக்கப்பட்டது, காரணம் கோர்ஸ் ரிக்வெஸ்ட் நடக்கலன்னு சிவப்புல ஒரு வரி. கோர்ஸ்ங்கிறது ஒரு தளம் இன்னொரு தளத்தைக் கூப்பிட அனுமதி தர்ற விதி, அந்த வார்த்தையைப் பார்த்ததும் நம்ம புத்தி எங்க போகும்? நேரா சர்வருக்குப் போயி அலோ ஆரிஜின் ஹெட்டரை மாத்து, கிரெடென்ஷியல்ஸ் சேரு, ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்டுக்குத் தனி ரூட் எழுதுன்னு ஒரு மணி நேரம் பண்ணேன், நட்சத்திரக் குறி கூட போட்டுப் பார்த்தேன், அசையல. ரிக்வெஸ்ட் சர்வர் வரைக்கும் வரவே இல்ல, சர்வர் லாக்ல ஒரு வரி கூட இல்லங்கிறதை அப்போ கவனிச்சிருந்தா அந்த ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல அந்த குறிப்பிட்ட வாசகம், அதாவது ரிக்வெஸ்ட் நடக்கலன்னு வந்தா பெரும்பாலும் கோர்ஸ் ஹெட்டர் காரணமே இல்ல, கனெக்‌ஷனே அமையலன்னு அர்த்தம், சர்டிஃபிகேட்டும் அதுல ஒரு காரணம். ஏபிஐ முகவரியைத் தனி டேப்ல திறந்து பாருங்க, எச்சரிக்கைப் பக்கம் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும்.

மூணாவது அடியை அப்புறம் சொல்றேன், அது எதிர்த்திசைல இருந்து வந்துச்சு.

பிரவுசர் ஒரு சர்டிஃபிகேட்டைப் பார்த்ததும் முக்கியமா மூணு கேள்வி கேட்குது. நான் போக வந்த பேர் இதுல இருக்கா, இன்னிக்கு தேதி இதோட ஆயுசுக்குள்ள இருக்கா, கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியுமா. லோக்கல்ல முதல் ரெண்டும் நம்ம கைல. மூணாவதுக்குத்தான் திண்டாட்டம், ஏன்னா வெளில இருக்கிற எந்த சர்டிஃபிகேட் அத்தாரிட்டியும் லோக்கல்ஹோஸ்டுங்கிற பேருக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க, இலவசமா போட்டுக் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்டும் போடாது. அது யாருக்கும் சொந்தமில்லாத பேர், எல்லா மெஷினுக்கும் பொதுவானது. அப்போ வழி ஒண்ணுதான், நம்ம மெஷின்ல நாமளே ஒரு குட்டி அத்தாரிட்டி ஆயிட்டு அதை நம்பச் சொல்லி மெஷின்கிட்ட சொல்லிடறது.

இதைக் கையால பண்ணலாம், நானும் ஒருதடவை பண்ணேன், இனிமே பண்ண மாட்டேன். ஃபிலிப்போ வல்சோர்டா எழுதின எம்கேசெர்ட்னு ஒரு சின்ன டூல் இருக்கு, கோ மொழில எழுதினது, அது எல்லாத்தையும் பார்த்துக்கும். ஒருதடவை இன்ஸ்டால் ஆப்ஷனோட ஓட்டினா உங்க மெஷினுக்குன்னு தனியா ஒரு ரூட், அதாவது அந்த குட்டி அத்தாரிட்டியோட மூல சர்டிஃபிகேட், உருவாக்கி சிஸ்டத்தோட நம்பிக்கைப் பட்டியல்ல சேர்த்துடும். அப்புறம் எந்தெந்தப் பேருக்கு வேணுமோ வரிசையா குடுத்தா ரெண்டு ஃபைல் கிடைக்கும், ஒண்ணு சர்டிஃபிகேட், ஒண்ணு கீ. நான் குடுக்கிறது ஆப்.டெஸ்ட், நட்சத்திரம் போட்ட ஆப்.டெஸ்ட், லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, அப்புறம் ரெண்டு கோலனும் 1-உம் உள்ள ஐபி வி6 முகவரி. நட்சத்திரம் ஒரு படிக்குத்தான் செல்லும்ங்கிறதை மறக்காதீங்க, நட்சத்திரம் போட்ட ஆப்.டெஸ்ட் வெறும் ஆப்.டெஸ்டை மூடாது, அதான் ரெண்டையும் குடுக்கிறேன். லினக்ஸ்காரங்களுக்கு ஒரு வார்த்தை, செர்ட்யூட்டில்ங்கிற துணை டூல் இல்லன்னா குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் ரூட் ஏறாது, ஏன்னா அதுங்க சிஸ்டம் பட்டியலை விட்டுட்டு தனியா ஒரு டேட்டாபேஸ் வெச்சிருக்கு. எம்கேசெர்ட் எச்சரிக்கும், நான்தான் அந்த வரியைப் படிக்காம ஃபயர்ஃபாக்ஸைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

அது குடுக்கிற சர்டிஃபிகேட்டுக்கு ஆயுசு ரெண்டு வருஷம் மூணு மாசம். ஏன் பத்து வருஷம் குடுக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துல எனக்கும் தோணுச்சு. ஆப்பிள் சாதனங்கள்ல 825 நாளைத் தாண்டின சர்டிஃபிகேட்டை நம்பாது, 2019 ஜூலை 1-க்கு அப்புறம் போட்டதுக்கெல்லாம் இந்த விதி, நீங்களே சேர்த்த ரூட்டா இருந்தாலும் சரி. ரெண்டே கால் வருஷம்ங்கிறது அந்த 825-க்குள்ள அடங்கிடும். கையால போடறவங்க 3650 நாள்னு போட்டுட்டு ஐஃபோன்ல ஏன் வரலன்னு முழிக்கிறது இதனாலதான்.

ரூட்டோட கீ ஃபைல் இருக்கு பாருங்க, அதை யாருக்கும் குடுக்காதீங்க. ரெப்போல போடாதீங்க, டீமுக்குப் பொதுவா ஒண்ணு வெச்சுக்கலாம்னு ஷேர்டு ஃபோல்டர்ல போடாதீங்க. அந்த கீ கைல இருக்கிறவன் எந்தத் தளத்தோட பேர்ல வேணும்னாலும் சர்டிஃபிகேட் அடிச்சு உங்க மெஷினை ஏமாத்தலாம், உங்க பேங்க் தளம் உட்பட. இது சும்மா பயமுறுத்தல் இல்ல, சூப்பர்ஃபிஷ்னு ஒரு விளம்பர மென்பொருள் புது லேப்டாப்புகள்லயே ஏத்தி வந்துச்சு, 2015-ல அம்பலமாச்சு, அது தன்னோட ரூட்டை நம்பிக்கைப் பட்டியல்ல சேர்த்துக்கிட்டு எல்லா லேப்டாப்லயும் ஒரே கீயை வெச்சிருந்துச்சு. ஒருத்தர் அந்த கீயைத் தோண்டி எடுத்ததும் அத்தனை லேப்டாப்பும் திறந்த வீடு. டீம்ல ஆளுக்கொரு ரூட் இருக்கட்டும், ஆளுக்கு ரெண்டு கமாண்டு ஓட்டறதுல யாரும் தேஞ்சு போயிட மாட்டாங்க.

பேர் விஷயத்துலயும் ஒரு கூத்து. முன்னாடி நிறைய பேர் லோக்கல் ப்ராஜெக்டுக்கு டாட் டெவ்னு பேர் வெச்சுக்கிட்டு இருந்தாங்க, நானும்தான். அது கூகுள் கைல இருக்கிற நிஜமான டொமைன் முடிவு. 2017 டிசம்பர்ல வந்த குரோம் 63 டாட் டெவ்னு முடியிற எல்லாத்தையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தள்ள ஆரம்பிச்சதும் ஒரே நாள்ல ஊர்ப்பட்ட பேரோட லோக்கல் செட்டப் படுத்துடுச்சு. டெஸ்ட்ங்கிற முடிவு அப்படி ஆகாது, 1999-லயே ஆர்எஃப்சி 2606-ங்கிற இணைய விதி ஆவணத்துல சோதனைக்குன்னே ஒதுக்கி வெச்சுட்டாங்க. டாட் லோக்கல் போடாதீங்க, அது உள் நெட்வொர்க்ல சாதனங்கள் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கிற எம்டிஎன்எஸ்ஸோட ஏரியா.

சர்டிஃபிகேட் ரெடி. இப்போ இதை யார்கிட்ட குடுக்கிறது? நோட் ஆப்புக்குள்ளயே எச்டிடிபிஎஸ் சர்வர் எழுதி கீயை அங்க குடுக்கலாம், சுலபம்தான், ஆனா நான் வேணும்னே அப்படிப் பண்ணல. வெளிய எப்படி ஓடுதோ அப்படியேதான் இங்கயும் ஓடணும், முன்னாடி 443-ல என்ஜின்எக்ஸ், பின்னாடி 3000-ல சாதா எச்டிடிபில ஆப். என்ஜின்எக்ஸ் எழுதப் பிடிக்காதவங்க கேடிங்கிற வெப் சர்வரைப் பயன்படுத்தலாம், லோக்கல்ஹோஸ்ட்னு பேர் குடுத்தாலே தானா ஒரு ரூட் உருவாக்கி சர்டிஃபிகேட்டும் போட்டுக்கும், எம்கேசெர்ட்டே வேண்டாம்.

செக்யூர் ஃபால்ஸ்னு இருந்த அந்த வரியைத் தூக்கிட்டு ஓட்டினேன். லாகின் பண்ணேன். மறுபடியும் லாகின் பக்கம்! சொன்னா நம்ப மாட்டீங்க, அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஸ்டேஜிங்ல அரை நாள் தின்ன அதே பக், என் மெஷின்ல, என் டீபக்கர் கைக்கெட்டுற தூரத்துல. இதைச் சரிபண்ண ரெண்டு இடம் தொடணும். என்ஜின்எக்ஸ்ல எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோங்கிற ஹெட்டர்ல நிஜமா வந்தது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸான்னு எழுதி அனுப்பணும், எக்ஸ்பிரஸ்ல டிரஸ்ட் ப்ராக்ஸிங்கிற செட்டிங்கைப் போட்டு அந்த ஹெட்டரை நம்பச் சொல்லணும். இங்க ட்ரூன்னு போடாம 1-ன்னு போடுங்க, அதாவது ஒரே ஒரு ப்ராக்ஸியை மட்டும் நம்பு. ட்ரூன்னு போட்டா வெளில இருந்து யாரோ கையால எழுதி அனுப்பின ஐபியைக் கூட ஆப்பு நிஜம்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு. பைத்தான்ல ஜாங்கோ வெச்சு எழுதறவங்களுக்கும் இதே நோய் உண்டு, அங்க எஸ்எஸ்எல் ரீடைரக்ட் ஆன் பண்ணிட்டு ப்ராக்ஸி ஹெட்டர் செட்டிங்கை மறந்தா ஆப்பு எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போன்னு சொல்லும், ப்ராக்ஸி மறுபடி எச்டிடிபியா உள்ள அனுப்பும், மறுபடி போன்னு சொல்லும், பிரவுசர் கடைசில ரீடைரக்ட் ரொம்ப அதிகம்னு கையெடுத்துக் கும்பிடும். அப்புறம் இந்த ரீடைரக்டை எல்லாம் சோதிக்கும்போது நிரந்தரம்னு சொல்ற 301 போடாதீங்க, பிரவுசர் அதை ஞாபகம் வெச்சுக்கும், நீங்க கோடை மாத்தினாலும் பழைய இடத்துக்கே போகும். 302 வெச்சு ஓட்டிட்டு எல்லாம் சரியானதும் மாத்திக்கலாம்.

இப்போ அந்த மூணாவது அடி. இது எல்லாம் சரியா வேலை செய்ய ஆரம்பிச்சதால வந்த வினை. இது சில வருஷம் முன்னாடி நடந்தது. இன்னொரு ப்ராஜெக்ட், அதுல லோக்கல்ஹோஸ்ட் பேர்லயே எம்கேசெர்ட் சர்டிஃபிகேட் போட்டு ஓட்டிட்டு இருந்தேன், ரெண்டு நாள் நல்லா போச்சு. மூணாம் நாள் சம்பந்தமே இல்லாத வேற ஒரு பழைய ப்ராஜெக்டை 4000 போர்ட்ல கிளப்பி சாதா எச்டிடிபில திறந்தா, அட்ரஸ் பார்ல எச்டிடிபிஎஸ்னு தானா மாறுது, எஸ்எஸ்எல் ப்ரோட்டோகால் எரர்னு விழுது. எஸ்ஸை அழிச்சுட்டு மறுபடி அடிக்கிறேன், மறுபடி மாறுது. கமாண்டு லைன்ல கர்ல் வெச்சு அடிச்சா வருது. ஃபயர்ஃபாக்ஸ்ல வருது. குரோம்ல மட்டும் வராது. அந்த ப்ராஜெக்ட்ல டிஎல்எஸ்ங்கிற சொல்லே கிடையாது!

ஹெச்எஸ்டிஎஸ்தான் காரணம். 8443 போர்ட்ல ஓடின அந்த எம்கேசெர்ட் ப்ராஜெக்ட்ல ஹெல்மெட்னு ஒரு மிடில்வேர் இருந்துச்சு, அது சொல்லாமலே ஸ்ட்ரிக்ட் டிரான்ஸ்போர்ட் செக்யூரிட்டி, சுருக்கமா ஹெச்எஸ்டிஎஸ், ஹெட்டரைச் சேர்த்து அனுப்பும். இந்த ஹோஸ்டுக்கு இத்தனை காலம் எச்டிடிபிஎஸ்லதான் வரணும்னு பிரவுசருக்கு அது ஒரு கட்டளை. இது ஹோஸ்டுக்கு, போர்ட்டுக்கு இல்ல. அதனால 8443-ல சொன்ன கட்டளை 4000-க்கும் பொருந்தும், 3000-க்கும் பொருந்தும், லோக்கல்ஹோஸ்ட்னு பேர் இருக்கிற அத்தனைக்கும் பொருந்தும். இவ்வளவு நாள் ஏன் இது நடக்கலன்னு யோசிச்சப்போதான் எனக்கு மண்டைல பல்பு எரிஞ்சுது. சர்டிஃபிகேட் எரரோட வந்த கனெக்‌ஷன்ல ஹெச்எஸ்டிஎஸ் ஹெட்டர் இருந்தா பிரவுசர் அதை மதிக்கவே கூடாது, 2012-ல வந்த ஆர்எஃப்சி 6797 அப்படித்தான் சொல்லுது. நான் அட்வான்ஸ்டு அமுக்கி ஓட்டின காலம் முழுக்க இந்த ஹெட்டர் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, பிரவுசர் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. சர்டிஃபிகேட் நம்பகமா ஆன அன்னிக்கு ஹெட்டருக்கும் உயிர் வந்துடுச்சு. அதாவது அத்தனை மாசமா ஹெச்எஸ்டிஎஸ் இருக்குன்னு நான் நம்பிக்கிட்டிருந்த ஒண்ணை ஒருதடவை கூட நான் சோதிச்சதே இல்ல.

குரோம்ல நெட் இன்டர்னல்ஸ் பக்கத்துல ஹெச்எஸ்டிஎஸ் பகுதி இருக்கு, அங்க டொமைன் பேரைக் குடுத்து அழிச்சா சரியாயிடும். இல்ல அதே ஹெட்டரை மேக்ஸ் ஏஜ் 0-ன்னு எச்டிடிபிஎஸ்ல ஒருதடவை அனுப்பினாலும் பிரவுசர் மறந்துடும். புது குரோம் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் இந்த ஹெட்டரைக் கண்டுக்கறதில்ல, என்னை மாதிரி அடிபட்டவங்க எத்தனை பேரோ. ஆனா டெஸ்ட்னு முடியிற உங்க சொந்தப் பேர்களுக்கு இன்னும் கண்டுக்கும், அதுவும் நல்லதுதான். ப்ராஜெக்டுக்கு ஒரு பேர் வெச்சுக்கிட்டா ஒண்ணோட வினை இன்னொண்ணுக்கு ஒட்டாது.

ஃபோனுக்கு வருவோம். ஃபோன்ல இருந்து 192.168-ன்னு ஆரம்பிக்கிற ஐபியை எச்டிடிபில திறந்தா லோக்கல்ஹோஸ்டுக்குக் கிடைச்ச சலுகை எதுவும் கிடைக்காது, கேமரா கேட்டா அந்த மீடியா டிவைசஸ் ஆப்ஜெக்டே அன்டிஃபைன்டுன்னு வரும். ஆண்ட்ராய்டுல பார்க்கணும்னா குறுக்கு வழி இருக்கு, யூஎஸ்பில கோர்த்து ஏடிபி டூல்ல ரிவர்ஸ் கமாண்டு போட்டா ஃபோனோட லோக்கல்ஹோஸ்ட் 3000 உங்க மெஷினோட 3000-க்கு வந்துடும், சர்டிஃபிகேட்டே தேவைப்படாது. ஐஃபோனுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ரூட் சர்டிஃபிகேட்டை, கவனம், கீயை இல்ல, சர்டிஃபிகேட்டை மட்டும் ஃபோனுக்கு அனுப்பி ப்ரொஃபைலா இன்ஸ்டால் பண்ணணும். பண்ணிட்டு எல்லாரும் நிறுத்திடுவாங்க, அங்கதான் தப்பு. செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட், அதுக்கும் அடில சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அங்க போய் சுவிட்சைத் தட்டினாதான் நம்பும். ஆண்ட்ராய்டுல ரூட்டை ஏத்தினா குரோம் நம்பும், ஆனா நீங்க எழுதின ஆப்பு நம்பாது. ஆண்ட்ராய்டு 7-ல இருந்து யூசர் சேர்த்த ரூட்டை ஆப்புகள் கண்டுக்கிறதில்ல, நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் ஃபைல்ல டீபக் பில்டுக்கு மட்டும்னு சொல்லித் திறந்துவிடணும். மறந்தும் ரிலீஸ் பில்டுக்குத் திறக்காதீங்க.

வெப்சாக்கெட்டுக்கும் ஒரு வரி சொல்லிட்டுப் போறேன், பக்கம் எச்டிடிபிஎஸ் ஆயிட்டா சாக்கெட்டும் டபிள்யூஎஸ்எஸ் ஆகணும். சேவ் பண்ணதும் பக்கம் தானா ரீலோடு ஆகிறதும் இந்த சாக்கெட் வழியாத்தான், அது நின்னுபோச்சுன்னா ப்ராக்ஸில அப்கிரேடு ஹெட்டர் போகுதான்னு முதல்ல பாருங்க.

பிரவுசர் நம்பினா எல்லாரும் நம்பிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. என் ஆப்புல ஒரு சர்வீஸ் இன்னொரு சர்வீஸைக் கூப்பிடும், ரெண்டும் லோக்கல் எச்டிடிபிஎஸ். பிரவுசர்ல பச்சையா ஓடுது, நோட் மட்டும் முதல் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க முடியலன்னு கத்துது. நோட் தன்னோட ரூட் பட்டியலைத் தானே கட்டிக்கிட்டு வருது, நீங்க சிஸ்டத்துல சேர்த்ததை சாதாரணமா பார்க்கிறதில்ல. பைத்தான் ரிக்வெஸ்ட்ஸும் அப்படித்தான், செர்டிஃபைனு ஒரு பேக்கேஜ் வெச்சிருக்கு. நோடுக்கு நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்ங்கிற என்விரான்மெண்ட் வேரியபிள்ல ரூட் ஃபைலோட பாதையைக் குடுக்கணும், ரிக்வெஸ்ட்ஸுக்கு ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில். நோட் அந்த வேரியபிளை ப்ராசஸ் ஆரம்பிக்கும்போது ஒரேதடவைதான் படிக்கும், கோடுக்குள்ள செட் பண்ணி பிரயோஜனமில்ல, டாட் என்வ் ஃபைல்ல எழுதி ஆப்புக்குள்ள லோடு பண்ணாலும் இதே கதிதான், நான் பண்ணிப் பார்த்தேன். ஆப்பைத் தனிப் பெட்டில அடைச்சு ஓட்டுற டாக்கருக்குள்ள ஓடினா இன்னும் ஒரு படி, கண்டெய்னருக்கு உங்க மெஷினோட ரூட் தெரியாது, லோக்கல்ஹோஸ்ட்னா அது தன்னையேதான் நினைச்சுக்கும்.

இந்த எரரைத் தேடினா பெரும்பாலும் கிடைக்கிற பதில் வேற, சோதனையையே அணைச்சுடுன்னு. நோட்ல ஒரு வேரியபிளை 0-ன்னு வெச்சா போதும், பைத்தான்ல வெரிஃபை ஃபால்ஸ், கர்ல்ல கே. கர்ல்ல கையால அடிக்கும்போது நானும் கே போடுவேன், அது அந்த நிமிஷத்தோட போச்சு. கோடுக்குள்ள போறதுதான் எனக்கு ஆகாது. தற்காலிகமா, லோக்கலுக்கு மட்டும்னு போடுவாங்க, அதுக்கு ஒரு தேதி வெச்சு யாரும் எடுக்க மாட்டாங்க.

அதனால இந்த செட்டப்பெல்லாம் முடிஞ்சதும் ஒரு வேலை பண்ணேன். இதுவரைக்கும் கனெக்‌ஷன் அமையுதான்னுதான் பார்த்தோம், அமையக் கூடாத இடத்துல அமையாம இருக்கான்னு பார்க்கலையே? வெளில பேட்எஸ்எஸ்எல்னு ஒரு தளம் இருக்கு, காலாவதியான சர்டிஃபிகேட், பேர் தப்பான சர்டிஃபிகேட், செல்ஃப் சைன்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சப்டொமைன் வெச்சு பிரவுசரையும் க்ளையண்டையும் சோதிக்கலாம். ஆனா டெஸ்ட் ஓடும்போதெல்லாம் வெளித் தளத்தைத் தொடறது எனக்குப் பிடிக்கல. பைத்தான்ல கிரிப்டோகிராஃபி லைப்ரரி வெச்சு மூணு கெட்ட சர்டிஃபிகேட் நானே அடிச்சேன். ஒண்ணு என் ரூட் கையெழுத்தோட ஆனா நேத்தே காலாவதியானது. ஒண்ணு எல்லாம் சரி, பேர் மட்டும் வேற. மூணாவது யாருக்கும் தெரியாத ரூட்டோட கையெழுத்து. மூணுக்கும் மூணு போர்ட்ல மூணு குட்டி சர்வர், எது கூப்பிட்டாலும் 200, அதாவது எல்லாம் சரிங்கிற பதில், குடுக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லோட எஸ் க்ளையண்ட் கமாண்டை வெச்சு ஒவ்வொரு போர்ட்டையும் தட்டிப் பார்த்து, நான் நினைச்ச கெட்டதுதான் அங்க இருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டேன். காலாவதியானதுக்கு சர்டிஃபிகேட் ஹேஸ் எக்ஸ்பயர்டுன்னு தெளிவா வந்துச்சு.

அப்புறம் எங்க சர்வீஸ்கள்ல வெளிய பேசுற க்ளையண்ட் கோடு ஒவ்வொண்ணையும் அந்த மூணு போர்ட்டுக்கும் அனுப்பினேன். நோட் சர்வீஸ் மூணையும் மறுத்துடுச்சு. ரெண்டாவது சர்வீஸும் மறுத்துடுச்சு. பில்லிங் பக்கம் பேசுற பைத்தான் க்ளையண்டை ஓட்டினேன். காலாவதியானதுக்கு 200. பேர் தப்புக்கு 200. தெரியாத ரூட்டுக்கும் 200.

டெஸ்ட்தான் தப்போன்னு ரெண்டுதடவை ஓட்டினேன். அப்புறம் கோடைத் திறந்தா ரேப்பர் ஃபங்ஷன்ல, யாரும் எட்டிப் பார்க்காத மூலைல, வெரிஃபை ஃபால்ஸ். பக்கத்துல ஒரு கமெண்ட், லோக்கலுக்கு மட்டும், அப்புறம் எடுக்கணும்னு. யார்டா இந்தப் புண்ணியவான்னு எந்த வரியை யார் எழுதினாங்கன்னு காட்டுற கிட் பிளேம் அடிச்சேன். மூணு வருஷத்துக்கு முந்தின கமிட். பேர் என்னோடது.